தரவுகள் இடம்பெயரும்போது சாவி யாருடைய கையில்?

வன்னியில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் கூடும் சிறிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரையும் இடத்தையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது புரியும். அங்கே ஒரு பழைய கணனி இருந்தது. விண்டோஸ் 10 மென்பொருளுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தன. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 இயங்காது. அதனால் வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அனுப்பிய பணத்தில் அவர்கள் வேறொரு கணனி வாங்கினார்கள். ஊடகக் கற்கை படித்தவன், கணனி தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அப்பிடியே புதுசுக்கு வந்திடும்தானே?" என்று அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கேட்டார். "வரும் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றேன்.

பழைய கணனியில் மூன்று பயனர் கணக்குகள் இருந்தன. ஒன்று அந்த அம்மாவுடையது. தாய்மாரின் வாக்குமூலங்கள் இருந்த கோப்புறையை அந்தக் கணக்கில் நுழைந்தால் மட்டுமே திறக்கலாம். இரண்டாவது வரவுசெலவு எழுதுபவருடையது. மூன்றாவது, வருபவர்களைப் பதியும் இளம் தொண்டர்களுடையது. நான் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு, புதிய கணனியில் அதே பெயர்களில் மூன்று கணக்குகளைத் திறந்து, கோப்புறைகளை அங்கே இறக்கினேன். பெயர்கள் சரி. கடவுச்சொற்கள் சரி. கோப்புகள் ஒன்றும் குறையவில்லை. பின்னேரம் தேநீர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் காலை தொண்டராக இருந்த பிள்ளை ஒன்று தன்னுடைய கணக்கிலிருந்தே வாக்குமூலங்களைத் திறந்திருக்கிறாள். வேண்டுமென்று தேடவில்லை, திரையில் இருந்தது, தட்டினாள், திறந்தது. திறந்தது அவளுடைய சொந்தப் பெரியம்மாவின் வாக்குமூலம். 2009 மே மாதத்துக் கடைசி நாட்களைப் பற்றி, வீட்டில் யாருக்கும் சொல்லாததை அவர் அங்கே சொல்லியிருந்தார். நாலு வரி வாசித்தவள் மூடிவிட்டு, நேரே அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் நல்ல பிள்ளை. வேறு யாராவது திறந்திருந்தால்?

பிழை என்னுடையது. அந்தப் பிழையை விளங்கிக்கொள்ள முயன்றபோதுதான், எங்கள் நாட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் மிகப் பெரிய தரவு இடமாற்றத்தைப் பற்றி நாங்கள் கேட்காமல் இருக்கும் கேள்விகள் எனக்குத் தெரிந்தன.

பெயரல்ல, எண்

நாங்கள் கணனியில் 'செல்வி' என்று ஒரு கணக்கைத் திறக்கிறோம். கணனிக்குச் செல்வி என்ற பெயர் பொருட்டல்ல. அது அந்தக் கணக்குக்கு நீண்ட இலக்கம் ஒன்றைக் கொடுக்கிறது. விண்டோஸில் அதைப் பாதுகாப்பு அடையாள எண் என்று சொல்லலாம். ஒவ்வொரு கோப்புடனும் ஒரு சிறிய பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கும்: இந்த எண்ணுக்குரியவர் வாசிக்கலாம், அந்த எண்ணுக்குரியவர் மாற்றலாம், மற்றவர்களுக்கு இடமில்லை. பூட்டு என்பது இந்தப் பட்டியல்தான்.

நான் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க் போன்ற, எல்லா வகைக் கணனியிலும் வேலை செய்யும்படி தயாராக்கப்பட்ட வெளி டிஸ்குகளும் பென்டிரைவுகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலைச் சுமப்பதில்லை. கோப்பு போகும், பூட்டு பழைய வீட்டிலேயே நின்றுவிடும். புதிய கணனியில் எந்த இடத்தில் இறக்குகிறோமோ, அந்த இடத்துக்குரிய அனுமதிகளையே கோப்பு எடுத்துக்கொள்ளும். நான் இறக்கியது எல்லோருக்கும் பொதுவான இடத்தில்.

சரி, பட்டியலையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால்? அப்போதும் சிக்கல். புதிய கணனியில் நான் திறந்த 'செல்வி'க்குப் புது எண். பழைய பட்டியலில் இருப்பது பழைய எண். சொந்தக்காரிக்கே கதவு திறக்காது. லினக்ஸ் கணனிகளில் இதற்கு நேர்மாறான ஆபத்து இருக்கிறது. அங்கே எண்கள் சிறியவை. 1000, 1001 என்று வரிசையாகப் போகும். பழைய கணனியில் 1001 ஒருவருடையது, புதியதில் 1001 இன்னொருவருடையது என்றால், முதலாமவரின் கோப்புகள் அனைத்தும் சத்தமில்லாமல் இரண்டாமவருக்குச் சொந்தமாகிவிடும். கணனி எச்சரிக்காது. அதன் கணக்கில் எதுவும் மாறவில்லை.

ஆக, உரியவர் வெளியே நிற்பது, உரிமையற்றவர் உள்ளே வருவது என்று பிழை இரண்டு வகை. பெரிய நிறுவனங்கள் இதைத் தவிர்க்க, ஒருவரின் பழைய எண்ணையும் புதிய கணக்கோடு சேர்த்து எழுதிவைக்கும் வசதியைப் பயன்படுத்துகின்றன. மாற்றம் முடியும்வரை அது உதவும். முடிந்த பிறகு அழிக்க மறந்தால், பழைய அதிகாரங்கள் புதிய முறைமைக்குள் ஒளிந்திருந்து தொடரும். ஊடுருவுவோர் தேடும் ஓட்டைகளில் இதுவும் ஒன்று.

இது ஒரு சின்ன அலுவலகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி தன் 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கணனி முறைமையிலிருந்து புதியதுக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. ஏறக்குறைய 19 இலட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். சிலருக்கு மற்றவர்களின் கணக்கு விபரங்கள் தெரிந்தன. நான் சொன்ன இரண்டு வகைப் பிழையும் ஒரே நேரத்தில். நிலைமை வழமைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் வரை சென்றது. 2022இல் அந்நாட்டு ஒழுங்குபடுத்தல் அமைப்புகள் வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் தண்டம் விதித்தன. அங்கே தண்டம் விதிக்க ஒரு அமைப்பு இருந்தது என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடம்பெயரப் போவது நாங்கள்

இலங்கை அரசாங்கம் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை முன்னெடுத்து வருகிறது. முகம், கருவிழி, கைரேகை ஆகிய மூன்றும் பதியப்படும். இந்தியாவின் மானிய உதவி இதற்குக் கிடைக்கிறது. 2023 ஓகஸ்டில் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா கையளிக்கப்பட்டது. ஆட்சி மாறியது, திட்டம் தொடர்கிறது.

இத்திட்டத்தை எதிர்க்க வேண்டும் என்று எழுத நான் உட்காரவில்லை. ஆவணம் இல்லாமல் அலைவது என்றால் என்ன என்று எங்களை விட அறிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு. பத்து இடம் இடம்பெயர்ந்து, ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த பிறப்புச் சான்றிதழைப் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். காணி உறுதியைத் தொலைத்தவர்கள், பதிவேடுகள் எரிந்துபோன ஊர்களைச் சேர்ந்தவர்கள். பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் இடையில் ஒரு கடிதத்துக்காக நடந்தவர்கள். ஒழுங்கான, அழியாத பதிவு எங்களுக்குத் தேவை.

ஆனால் பட்டியல் என்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல் அது. 2008 செப்டெம்பரில், கடந்த ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கும் அதே அறிவிப்பு. யுத்தம் முடிந்த பிறகும், 2011இல், வடக்கில் இராணுவம் குடும்பங்களைப் படமெடுத்துப் பதிந்தது. தமிழ்க் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்ற பிறகு, பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு கூறியது. பதிவு நின்றது. பதியப்பட்டவை?

ஒவ்வொரு பட்டியலும் ஒரு காரணம் சொல்லித்தான் எடுக்கப்படுகிறது. ஆபத்து, அது இன்னொரு முறைமைக்குள் பிரதி செய்யப்படும்போது தொடங்குகிறது. எடுத்தபோது இருந்த காரணம், என் ஹார்ட் டிஸ்க்கில் போன கோப்பின் பூட்டைப் போல, பின்னால் நின்றுவிடுகிறது.

இதற்கு வெகு தொலைவு போகத் தேவையில்லை. 2018 முதல் பங்களாதேஷில் தஞ்சமடைந்த ரோஹிங்கியா மக்களை ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து பதிந்தன. உதவிப் பொருட்கள் பெற அட்டை தேவை, அட்டை பெறக் கைரேகை தேவை. அந்தத் தரவுகள், திருப்பி அனுப்புவதற்குத் தகுதியானவர்களைப் பரிசீலிப்பதற்காக மியன்மார் அரசிடம் கையளிக்கப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் 2021 ஜூனில் வெளிப்படுத்தியது. குறைந்தது 8 இலட்சத்து 30 ஆயிரம் பெயர்கள். எந்த அரசிடமிருந்து ஓடி வந்தார்களோ, அந்த அரசிடமே அவர்களின் கைரேகை போயிற்று. தங்களிடம் அப்படி ஒரு சம்மதம் கேட்கப்படவில்லை என்று பலர் சொன்னார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, முன்னைய ஆப்கான் அரசின் படையினருக்குச் சம்பளம் கொடுப்பதற்காக உருவாக்கப்பட்ட தரவுத்தளம் பற்றிய அச்சம் எழுந்தது. கணனிகள் எதிர்க்கவில்லை. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவரே எசமான்.

பாதுகாக்கும் திறன் இருக்கிறதா?

எங்கள் அரசாங்கத்தின் கணனிகள் எவ்வளவு உறுதியானவை என்பதற்கு ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மீது கப்பம் கோரும் வகைச் சைபர் தாக்குதல் நடந்தது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டுவிட்டன. பயன்பாட்டில் இருந்தது காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள்; அதைப் புதுப்பிக்கும் யோசனை 2021 முதல் இருந்தும் நிறைவேறவில்லை.

மின்னஞ்சல் போனால் மீண்டும் எழுதலாம். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கருவிழியையும் கைரேகையையும் மாற்ற முடியாது.

சட்டம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. எமது தரவு எதற்காக எடுக்கப்படுகிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தக் கோரவும் அது உரிமை தருகிறது. ஆனால் முக்கியமான ஏற்பாடுகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்தபோது பின்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு ஆகியவற்றின் பெயரில் விதிவிலக்குகளுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. தேசிய பாதுகாப்பு என்ற சொல் எங்கள் ஊர்களில் எப்படி வாசிக்கப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகச் சட்டமாகவே வந்தது.

அழித்தலும் முடக்கலும்

இன்னொரு விடயம் என்னை நீண்ட நாள் தூங்கவிடவில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணனிக் கணக்கை என்ன செய்வது? இரண்டு வழிகள். ஒன்று அழிப்பது. மற்றது முடக்கி வைப்பது. முடக்கினால் அந்தக் கணக்கில் யாரும் நுழைய முடியாது. ஆனால் எண் அப்படியே இருக்கும், அவருடைய கோப்புகள் அவர் பெயரிலேயே இருக்கும். திரும்பி வந்தால் திறந்து கொடுக்கலாம். அழித்துவிட்டால் அந்த எண் போய்விடும். பிறகு அதே பெயரில், அதே கடவுச்சொல்லில் புதிய கணக்கு திறந்தாலும் அது அவரில்லை. பழைய கோப்புகளுக்கு அந்தப் புதியவர் அந்நியர்.

பெரிய இடமாற்றங்களுக்கு முன் பாவனையில் இல்லாத கணக்குகளை 'சுத்தம்' செய்வது வழமை. இதை அலுவலகத்து அம்மாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப தம்பி, என்ர மகன்ர ஐடென்ரிக் காட் நம்பர் புதுசுக்கு வருமோ, இல்லாட்டி சுத்தம் செய்து போடுவாங்களோ?"

அவருடைய மகனுக்கு மரணச் சான்றிதழ் இல்லை. அதை அவர் ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக 'காணப்படாமைச் சான்றிதழ்' பெறும் வழி வந்தது. உயிரோடு இருக்கிறார் என்றும் இல்லை, இறந்தார் என்றும் இல்லை. மூன்றாவது நிலை ஒன்றை இலங்கைச் சட்டம் ஒப்புக்கொண்டது. பல தாய்மார் அதையும் வாங்க மறுக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால் கணனிப் படிவத்தில் அந்த மூன்றாவது நிலைக்கு ஒரு கட்டம் வேண்டும். கட்டம் இல்லையென்றால், தரவை ஏற்றுபவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வார். அல்லது, கைரேகை கொடுக்க வராதவர் என்று அந்த மனிதர் புதிய முறைமைக்குள் வராமலே போய்விடுவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. ஒரு கட்டம் விடுபட்டால் போதும்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இதுபோல ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து அடையாள அட்டை எண் 12 இலக்கமானது. பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். பழையதும் செல்லும். எங்கள் பெயர்கள் மூன்று மொழிகளில் மூன்று விதமாக எழுதப்படுபவை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஒரு ஆளை இரண்டு ஆளாகவும், இரண்டு ஆளை ஒரு ஆளாகவும் கணனி எடுத்துக்கொள்ள இவ்வளவும் தாராளமாகப் போதும். வங்கியில் பென்சன் எடுக்கப் போய் "இது நீங்கள் இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேட்க வேண்டியவை

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், சட்டத்தரணிகள், சிவில் அமைப்புகள் இத்திட்டம் பற்றிப் பேசும்போது "இந்தியா எங்கள் தரவை எடுத்துவிடுமா" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் தரவு எங்கே இருக்கிறது என்பதற்குச் சமமான கேள்வி, யார் திறக்கலாம் என்பது.

எந்தத் திணைக்களம் எந்தத் தகவலைப் பார்க்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுமா? பொலிஸும் புலனாய்வுப் பிரிவுகளும் அப்பட்டியலில் இருக்கின்றனவா, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் திறக்க முடியுமா? என்னுடைய பதிவை யார், எப்போது திறந்தார் என்று நான் பார்க்கக் கூடியதாக இருக்குமா? யுத்த காலத்திலும் அதன் பின்னரும் பாதுகாப்புத் தரப்பு சேகரித்த பதிவுகள் புதிய முறைமையோடு எக்காலத்திலும் இணைக்கப்படாது என்று எழுத்தில் உறுதி தரப்படுமா? காணாமலாக்கப்பட்டவர்களின் பதிவு எந்த நிலையில் மாற்றப்படும்? பதிவுகள் ஏற்றப்பட்ட பின் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் யார், அவர் அரசாங்கத்துக்கு வெளியே உள்ளவரா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதினால் பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். நான் ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு பலரும் எழுதினால் நல்லது.

அலுவலகத்துக்கு நான் திரும்பவும் போனேன். இம்முறை அவசரப்படவில்லை. தாய்மாரையும் கூட்டி வைத்து, சீ.ஆர். கொப்பி ஒன்றில் கோடு கிழித்து, ஒவ்வொரு கோப்புக்கும் நேரே யார் பார்க்கலாம் என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். சிலர் எல்லோரும் பார்க்கட்டும், உலகமே பார்க்கட்டும் என்றார்கள். சிலர் ஒருவரும் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளையின் பெரியம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அவள் வாசிச்சது வாசிச்சதுதான். அவளின்ர பேரையும் போடுங்கோ தம்பி" என்றார்.

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் புதிய கணனியில் அனுமதிகளைப் போட்டேன். இரண்டு நாள் பிடித்தது. நாற்பத்தொரு கோப்புகள்.